துளை இல்லாத சர்க்கரை

இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. வலி இல்லாததால் சொத்தைப் பல்தான் காரணம் என்று விட்டுவிட்டார். கட்டியை எடுத்துச் சோதித்தபோது ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. இப்போது பெட் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். “புற்றுநோய்தான் என்று தெரிந்த பிறகு இன்னொரு டெஸ்ட் எதற்கு? அதுவும் சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்களாமே, புற்றுக்குத் தீனி போட்டது ஆகாதா?” என்று கேட்கிறார். வீட்டில் காபிக்குக்கூட சர்க்கரை போடுவதில்லையாம்.

என்ன நோய் என்பதை பயாப்சி சொல்லிவிட்டது. எங்கெல்லாம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் பெட். ஏற்றப்படும் சர்க்கரையோ மைக்ரோகிராம் கணக்கு. டம்ளரின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு பரல்கூட அதைவிட அதிகம்.

அந்தச் சர்க்கரையின் பெயர் எஃப்.டி.ஜி. குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் இருக்கவேண்டிய ஆக்சிஜனை எடுத்துவிட்டு, கதிரியக்க ஃபுளோரினை வைத்திருக்கிறார்கள். இதன் விளைவை உங்கள் அசெம்பிளி லைனில் வைத்தே பார்க்கலாம். போல்ட் துளை போடாத ஒரு பாகம் லைனுக்குள் வருகிறது. வாசலில் யாரும் கவனிக்கவில்லை. முதல் ஸ்டேஷனில் கிளிப் மாட்டுகிறார்கள். அதற்குத் துளை தேவையில்லை. செல்லுக்குள் அந்த கிளிப் பாஸ்பேட். இரண்டாவது ஸ்டேஷனில்தான் போல்ட் முறுக்க வேண்டும், துளை இல்லை, பாகம் நின்றுவிடுகிறது. கிளிப் மாட்டியதை வாசல் வழியே திருப்பி அனுப்பவும் முடியாது. வெறிகொண்டதுபோல் குளுக்கோஸை இழுக்கும் புற்றுச் செல்களில் இப்படி நின்றவை குவிகின்றன. கல்லீரலோ கிளிப்பைக் கழற்றி வெளியே விடத் தெரிந்த தொழிற்சாலை.

நின்ற இடத்திலிருந்தே சிக்னல் வருகிறது. ஃபுளோரின் சிதைந்து ஒரு பாசிட்ரானை உமிழ்கிறது. அது மில்லிமீட்டர் அளவு தூரத்திலேயே ஓர் எலக்ட்ரானில் மோதி, இரண்டும் அழிகின்றன. அந்த ஆற்றல் இரண்டு காமா கதிர்களாக நேரெதிர்த் திசைகளில் பாய்கிறது. சுற்றியுள்ள வளையத்தில் எதிரெதிர்ப் புள்ளிகள் ஒரே நொடித்துணுக்கில் தட்டப்பட்டால், அவற்றை இணைக்கும் கோட்டில்தான் சர்க்கரை நின்றிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் முடிவு. சிதைந்த ஃபுளோரின் ஆக்சிஜனாக மாறிவிடுகிறது. சுற்றியுள்ள நீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் சேர்த்துக்கொள்கிறது. எந்தத் துளை இல்லாமல் நின்றதோ அந்தத் துளை தானே திறந்துகொள்கிறது! லைன் நகர்கிறது, அந்தப் பாகம் சாதாரண குளுக்கோஸாகவே செரித்துத் தீர்கிறது.

புற்றுச் செல்லின் சர்க்கரைப் பசியை ஆட்டோ வார்பர்க் 1920-களில் கண்டார். எஃப்.டி.ஜி. முதன்முதலில் மனிதருக்குச் செலுத்தப்பட்டது 1976-ல். இந்தியாவில் பெட் ஸ்கேன் 2002-ல் மும்பையில் தொடங்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

வார்பர்க் பெயரைச் சொல்லித்தான் ‘சர்க்கரையை நிறுத்து, புற்று பட்டினியில் சாகும்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். நம்பாதீர்கள். நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். மூளைக்கு அது வேண்டும். மெலிவது நீங்கள்தான், மெலிந்த உடம்பு கீமோவைத் தாங்கச் சிரமப்படும். காபிக்குச் சர்க்கரை போடச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு முந்தைய சுமார் ஆறு மணி நேரம் மட்டும் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வார்கள். நடந்தால் கால் தசை சர்க்கரையை இழுத்து, படத்தில் ஒளிரும். 110 நிமிடத்துக்கொருமுறை கதிரியக்கம் பாதியாகிவிடுவதால், ஊசிக்குத் தாமதமாகாதபடி பூந்தமல்லி நெரிசலையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

ரிப்போர்ட்டைத் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். மூளை எப்போதும் ஒளிரும், சிறுநீர்ப்பையும் ஒளிரும். நம் ஊரில் காசநோய்க் கட்டியும் புற்றைப் போலவே ஒளிரும். சந்தேகம் வந்தால் அங்கிருந்தும் பயாப்சி எடுப்பார்கள். நான்காம் நிலை என்று வந்தாலும் ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்குக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறார்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இப்போதே கிளை அலுவலகத்தில் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனைக் கேளுங்கள். தகுதி இருந்தால் ஊதியத்தில் 80 சதவீதம், 2 ஆண்டுகள் வரை கிடைக்கும். உங்கள் நெடுஞ்சாலையிலேயே காஞ்சிபுரம் பக்கம் காரைப்பேட்டையில், 1969-ல் புற்றுநோய்க்குப் பலியான அண்ணாவின் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

இரண்டு சுழற்சி கீமோ முடிந்ததும் மறுபடி பெட் எடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். நோய் இருந்த இடத்தின் ஒளியைக் கல்லீரலின் ஒளியோடு ஒப்பிட்டு, ஐந்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் குறைந்த மதிப்பெண்தான் நல்லது. அது மூன்றுக்கு மேல் போகவில்லை என்றால் மருந்து கேட்கிறது என்று பொருள். சில நேரம் மருந்தைக் குறைக்கவும் அதை வைத்தே முடிவெடுப்பார்கள்.