கடல்நாய் வழக்கில் எங்கட முத்துச் சிப்பி! தெரியுமோ?

யாழ்ப்பாணக் கடலில் கடல்நாய் உண்டோ? கிடையவே கிடையாது. சீல் என்று படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் அந்தச் சீலை நடுக்கடலில் வேட்டையாடுவதை யார் தடுக்கலாம் என்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் மல்லுக்கு நின்றபோது, பாரிஸ் வரை சாட்சிக்கு இழுக்கப்பட்டது எது தெரியுமோ? மன்னார்க் கடலின் முத்துச் சிப்பி!

அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் பிரிபிலோவ் என்று சில தீவுகள். சீல்கள் குட்டி போடும் இடம் அது. குட்டியைக் கரையில் விட்டுவிட்டுத் தாய் இரை தேடிக் கடலுக்குள் போகும். வேட்டைக்காரன் அங்கே காத்திருப்பான். தாய் செத்தால் கரையில் குட்டியும் பட்டினியால் சாகும். 1886 இல் கனடாக் கப்பல்கள் சிலவற்றைக் கரையிலிருந்து 60 மைலுக்கும் அப்பால் அமெரிக்கா மடக்கிப் பிடித்தது. கனடா அப்போது பிரித்தானியாவின் கீழ். “கரையிலிருந்து மூன்று மைல் தாண்டினால் கடல் ஒருவருக்கும் சொந்தமில்லை” என்று லண்டன் சீறியது. 1893 இல் வழக்கு பாரிசில் ஏழு நடுவர் முன் வந்தது.

அமெரிக்கச் சட்டத்தரணிகள் தேடித் தேடி எடுத்து வந்தது, பிரித்தானியா தானே இலங்கையில் போட்ட சட்டம்! 1811 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க ஒழுங்குவிதி. முத்துப் பார்கள் கரையிலிருந்து 6 மைல் முதல் 21 மைல் வரை கிடக்கின்றன. அங்கே அனுமதியின்றி நங்கூரம் போட்டாலும் குற்றம், சும்மா சுற்றித் திரிந்தாலும் குற்றம், வள்ளம் பறிமுதல். சிப்பிக்கு 21 மைல் உரிமை கொண்டாடுபவருக்குச் சீல் என்றால் மட்டும் மூன்று மைலோ? நல்ல பிடி!

பிரித்தானியத் தரப்பின் பதிலும் லேசுப்பட்டதல்ல. சிப்பி பாரில் ஒட்டிக் கிடப்பது. கடலடித் தரையோடு அதுவும் உடைமை. சீல் நீந்தித் திரிவது. இன்று இங்கே, நாளை எங்கேயோ. இப்படிச் சொன்னவர்களுக்கு ஒரு பழைய துணையும் உண்டு. சட்ட அறிஞர் வாட்டெல் 1758 இலேயே, பஹ்ரைன், இலங்கை முத்துக்குளிப்புகள் உடைமையாகலாம் என்று எழுதிவைத்துவிட்டார்.

வழக்கு நடந்த வசந்தத்தில் அதே பாரிசில் இன்னொரு வேடிக்கை. இலங்கை முத்துக்குளிப்பவர்களைப் பற்றி பிசே இசையமைத்த, 1863 இல் முதலில் அரங்கேறிய ஒபெரா, 1893 ஏப்ரலில் மறுபடி மேடையேறியது! பகலில் சிப்பிச் சட்டம் கேட்டுக் களைத்த நடுவர் யாராவது இரவில் அதற்கும் போயிருப்பாரோ?

ஆகஸ்ட் 15 இல் தீர்ப்பு. உரிமை வழக்கில் அமெரிக்கா தோற்றது. பிறகு 4,73,151 டொலர் நட்டஈடும் கட்டியது. ஆனாலும் சீலுக்கு ஒரு வழி பிறந்தது: தீவுகளைச் சுற்றி 60 மைலுக்குள் வேட்டை கூடாது, மே 1 முதல் ஜூலை 31 வரை கடலில் வேட்டையே கூடாது. 1911 இல் ஜப்பானும் ரஷ்யாவும் சேர்ந்த உடன்படிக்கை கடல் வேட்டையை அடியோடு நிறுத்தியது.

சீல் வாழும் அந்தப் பெரிங் கடலில் ஒரு பழைய சோகமும் உண்டு. பாக்கு நீரிணையில் மேயும் எங்கள் கடற்பசுவின் இராட்சத உறவுக்காரன் ஒன்று அங்கே வாழ்ந்தது. 1741 இல் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் அதைக் கண்டு எழுதினார். 27 வருடம்தான்! தோலுக்காக வந்த வேட்டைக்காரர் இறைச்சிக்காக அடித்தே முடித்துவிட்டார்கள்.

இங்கே முத்துக்குளிப்பில் அரசாங்கமே கூலி கொடுத்து மந்திரவாதி வைத்திருந்தது தெரியுமோ? கடல்கட்டி என்று பெயர். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. அவர் இல்லாமல் குளியாளி கடலில் கால் வைக்கமாட்டான். 21 மைலுக்குச் சட்டம் எழுதத் தெரிந்த வெள்ளைக்காரனுக்குச் சுறாவிடம் மட்டும் சட்டம் பலிக்கவில்லை!

முத்தை விடுங்கள், யாழ்ப்பாணத்தின் கடற்செல்வம் சங்கு. டாக்காவின் சங்காரி பஜாரில் அறுத்து வளையலாக்கி வங்காளப் பெண்கள் அணிந்ததில் எங்கள் சங்கும் உண்டு. யாழ் களப்பின் சேற்றுக்குள் எந்தக் காலத்திலோ செத்துப் புதைந்த சங்கைக்கூட இரும்புக் கம்பியால் குத்தித் தேடித் தோண்டி விற்றிருக்கிறார்கள்! 1890 இன் சங்குச் சட்டமோ, தலைமன்னாருக்குத் தெற்கே 6 மைல் கடலுக்குள் கோடு கிழித்து, சங்கு, கடலட்டை, பவளம் எதையும் எடுக்காதே என்றது.

1904 இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் சங்கு போனது. இராமநாதபுரம் கரைக்கு 5 மைல் அப்பால் பிறர் குத்தகைப் பாரில் சங்கெடுத்தால் திருட்டா? திருட்டுத்தான், பாக்கு விரிகுடா திறந்த கடல் அல்ல என்றது நீதிமன்றம். 1921 இல் கொழும்பில் கூடி, அந்தக் கடலில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே மீன்பிடிக்காகக் கோடு கீறினார்கள். கச்சதீவு இலங்கைப் பக்கம் விழுந்தது. 1974 உடன்படிக்கை அந்தக் கடலை வரலாற்று நீர்ப்பரப்பு என்றே பேசியது. நடுவில் கிடந்தது ஒரு சங்கு!

இன்றும் குருநகர்ப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவருக்குச் சட்டம் இருக்கிறது: 2003 ஒழுங்குவிதிப்படி, ஓட்டின் அகலம் 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கைப் பிடிக்கவோ விற்கவோ கூடாது. சரி, வலம்புரி அகப்பட்டால்? அதுவும் அதே இனம்தான். 70!