பூஞ்சைக்கு ஒளி எதற்கு?

பச்சையம் இல்லாததால் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்க இயலாத பூஞ்சைகள், மட்கிய இலையிலும் சாணத்திலும் மரக்கட்டையிலும் இழைகளாகப் படர்ந்து உணவை உறிஞ்சி வாழ்வதால், அவற்றுக்கு வெளிச்சமே வேண்டாம் என்று பலரும் எண்ணுகின்றனர். உணவைப் பொறுத்தவரை அது சரியே. ஆயினும் இனம் பெருக்கும் நுண்துகள்களான ஸ்போர்களை எப்போது, எத்திசையில் வெளியே அனுப்புவது என்பதைப் பல பூஞ்சைகளுக்கு ஒளியே உணர்த்துகிறது.

இதற்குத் தெளிவான சான்று பைக்கோமைசிஸ். ஒரே செல்லாலான அதன் தண்டு, மயிரிழைபோல் மெலிந்து, நுனியில் குண்டூசித் தலை போன்ற ஸ்போர்ப் பையைத் தாங்கியபடி, மணிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. பக்கவாட்டில் நீல ஒளி விழுந்தால், கண்ணாடிபோல் தெளிந்த தண்டே லென்சாக அமைந்து அவ்வொளியை எதிர்ப்புறச் சுவரில் குவிக்க, அப்புறம் விரைந்து நீண்டு, தண்டு ஒளியை நோக்கிச் சாய்கிறது. அதே தண்டைப் பாரஃபின் எண்ணெயில் அமிழ்த்தினால், எண்ணெய் ஒளியைக் கூடுதலாக விலக்குவதால் குவிய வேண்டிய கதிர்கள் விரிந்துவிட, தண்டு எதிர்த்திசையில் திரும்புகிறது. இத்தனை எளிய சோதனை இத்தனை நுட்பமான உண்மையைக் காட்டுவது வியப்புக்குரியது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்தமைக்காக 1969இல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் டெல்ப்ரூக், உயிர்கள் புறத்தூண்டலை உணரும் விதத்தை அறிய 1950களிலேயே எடுத்துக்கொண்டது இந்தப் பூஞ்சையைத்தான்.

ஒளியை வாங்கும் பொருள் எது என்பதை நியூரோஸ்போரா என்னும் ஆரஞ்சு நிறப் பூஞ்சை வெளிப்படுத்தியது. மரபணுக் கோளாறுடைய சில வகைகளில் ஸ்போர்கள் மட்டும் ஆரஞ்சாகி, வெளிச்சம் பட்டும் கீழுள்ள இழைகள் வெளுத்தே கிடந்ததால், சோதனைக் குழாயில் அது வெள்ளைக் கழுத்துப்பட்டை போலத் தோன்ற, அந்த மரபணுக்கள் ‘வொயிட் காலர்’ எனப் பெயர் பெற்றன. அவற்றுள் முதலாவது உருவாக்கும் புரதம், வைட்டமின் பி2இலிருந்து கிடைக்கும் மூலக்கூறொன்றைப் பற்றிக்கொண்டு நீல ஒளியை உறிஞ்சி, நிறமிக்கான மரபணுக்களை இயக்குகிறது. பூஞ்சையின் அன்றாட உயிர்க்கடிகாரத்திலும் அதற்குப் பங்குண்டு.

சிப்பிக் காளான் வளர்ப்போர் இதை நடைமுறையில் அறிவர். வைக்கோல் படுக்கையில் இழை முழுதும் பரவும்வரை இருட்டறை போதும். காளான் அரும்பும் கட்டத்தில் காற்றோட்டத்துடன் மிதமான வெளிச்சமும் வேண்டும், இல்லையேல் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். மொட்டுக் காளானோ இருட்டிலும் நன்கு குடை விடுவதால், ஒன்றுக்கு அமைத்த குடில்முறை மற்றொன்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை.