எந்தக் குழாய்த் தண்ணீர்?

“பல் விளக்கிட்டுத்தான் வந்தியாடா?”

பல ஆண்டுகளுக்கு முன்பு ஏழாம் வகுப்பில் ஒரு மாணவனிடம் எல்லோர் முன்னிலையிலும் இப்படிக் கேட்டுவிட்டேன். “ரெண்டு நேரமும் விளக்குறனுங்க சார்” என்றான். நான் நம்பவில்லை. அவன் முன்பற்களில் பழுப்பு நிறக் கறை வரிவரியாகத் தெரிந்தது. அன்று முதல் அவன் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டான்.

அவன் சொன்னது உண்மை. அந்தக் கறை பல் விளக்காததால் வந்ததல்ல, குடித்த தண்ணீரால் வந்தது. அறிவியல் ஆசிரியரான நான் அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

சேலம், நாமக்கல் சமவெளி கடினப் பாறை நிலம். இங்குள்ள சில பாறைக் கனிமங்களில் ஃபுளூரைடு இருக்கிறது. பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கும் நிலத்தடி நீரில் அது மெல்லக் கரைகிறது. எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே ஊரில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளுக்கு இடையிலும் வேறுபாடு இருக்கலாம். நிறம், மணம், சுவை எதிலும் அது தெரியாது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அதைவிடக் கூடிய நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளுக்கு, ஈறுக்குள் நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும்போதே பாதிப்பு ஏற்படுகிறது. பெரும்பாலான பற்களுக்கு எட்டு வயதுக்குள் இது நடந்து முடிந்துவிடும். அதன் பின் எவ்வளவு விளக்கினாலும் கறை போகாது. அளவு மிக அதிகமாக இருந்து, பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

இதற்கு நல்ல தீர்வு நீராதாரத்தை மாற்றுவதுதான். அருகிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே ஃபுளூரைடு பாதிப்பைக் குறைப்பதுதான். நம் இரு மாவட்டங்களின் ஓரமாகவும் காவிரி ஓடுகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாக அந்த நீர் பல ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகளுக்கு வந்தது.

அதன் பலனை வகுப்பறையிலேயே பார்த்தேன். எங்கள் பள்ளியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் படித்தார்கள். அண்ணனுக்குப் பற்களில் கறை. ஏழு வயது இளைய தங்கைக்கு வெள்ளைப் பற்கள். வீடு ஒன்று, சாப்பாடு ஒன்று. தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அந்தத் தெருவுக்குக் காவிரிக் குழாய் வந்திருந்தது.

அவர்களுடைய அம்மா வேறொரு மாற்றத்தைச் சொன்னார். “அப்பல்லாம் நல்ல தண்ணிக்கு நாலு நடை போவணுமுங்க. பெரிய பொண்ணையும் கூட்டிட்டுத்தான் போவேன்.” வருகைப் பதிவேட்டில் அந்தப் பெரிய பெண் அடிக்கடி தாமதமாக வந்தவள். காரணத்தை அப்போது நாங்கள் யாரும் கேட்டதில்லை.

குழாய் வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மோட்டார் பழுதானாலோ குழாய் உடைந்தாலோ மக்கள் மறுபடி போர் தண்ணீருக்குத் திரும்புகிறார்கள். “காய்ச்சித்தான் குடிக்கிறோம்” என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள இரண்டு லிட்டர் நீரில் மொத்தம் 3 மில்லிகிராம் இருக்கிறது. அதை ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் நீராவி மட்டுமே வெளியேறும். அந்த ஒரு லிட்டரில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இருக்கும். வகுப்பில் செறிவு பற்றி நடத்தும்போது இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் வீட்டில் என்ன பேசினார்கள் என்று மாணவர்களே வந்து சொல்வார்கள்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை இன்னும் உண்டு. வளாகத்தில் எது காவிரிக் குழாய், எது போர் குழாய் என்று பெயின்ட்டால் எழுதி வைக்கலாம். குடிப்பதற்கு மட்டுமல்ல, சத்துணவு சமைப்பதற்கும் நல்ல நீரையே பயன்படுத்தச் சொல்லலாம். சோறும் பருப்பும் தண்ணீரோடு ஃபுளூரைடையும் உறிஞ்சும். கைகழுவ, செடிக்கு ஊற்றப் போர் தண்ணீர் போதும்.

போர் தண்ணீரைப் பரிசோதிக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு நீரைச் சோதிக்கப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஊராட்சி மூலம் அவர்களைப் பள்ளிக்கு அழைக்கலாம். தண்ணீரில் வினைப்பொருளைச் சேர்த்து, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவதை மாணவர்கள் நேரில் பார்ப்பார்கள். தன் அம்மாவோ அத்தையோ அதைச் செய்துகாட்டினால் அந்தப் பாடம் மறக்காது.

சென்ற ஆண்டு அந்தப் பழைய மாணவனைப் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்தேன். பேசும்போது இப்போதும் அவன் கை வாயருகே போகிறது. “அன்னிக்கு நான் கேட்டது தப்புப்பா” என்றேன். “பரவால்லைங்க சார்” என்று சிரித்தான்.

நம் வகுப்பில் கறை படிந்த பற்களோடு ஒரு குழந்தை இருந்தால், பல் விளக்கினாயா என்று கேட்க வேண்டாம். சின்ன வயதில் எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தாய் என்று தனியாகக் கேட்போம். அந்த வீட்டில் தம்பி, தங்கை இருந்தால், அவர்கள் இப்போது எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்றும் கேட்போம்.