பதினோரு மணி டீயும் பழகிப்போன மனசும்

திருப்பூர் மண்ணரையில் காலை பதினோரு மணி ஆனதைத் தெருவே சொல்லிவிடும். பனியன் கம்பெனிக்குள் டீ கேன் போகும். ஓவர்லாக் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கும். பேப்பர் கப்பும் வடையும் கைமாறும். பத்து நிமிடம்தான். மறுபடி மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு, தெரிந்த டெய்லர் ஒருவரிடம் "டீ எப்படிங்ணா இருந்துச்சு?" என்று கேட்டேன். "குடிச்சனா?" என்று கீழே பார்த்தார். காலி கப் அவர் காலடியில் கிடந்தது.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. குடித்த டீ நினைவில் இல்லை என்றால், சாப்பிட்ட சோறு, பிள்ளையிடம் பேசிய பேச்சு, போன வாரம் முழுக்க நினைவில் இருக்குமா?

பழக்கம் சோறு போடுகிறது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழக்கம் நமக்கு எதிரி அல்ல. புதிதாக மெஷினில் உட்காருபவர் முதல் வாரம் நூல் கோக்கவே திணறுவார். ஆறு மாதம் போனால் பக்கத்து மெஷின் அக்காவிடம் பேசிக்கொண்டே கழுத்துப் பட்டி ஏற்றுவார். அடிக்கடி செய்யும் வேலையை யோசிக்கும் பகுதியிலேயே வைத்திருக்காமல், பேசல் கேங்லியா என்ற உட்பகுதியின் பொறுப்பில் மூளை விட்டுவிடுகிறது. பீஸ் ரேட்டில் சம்பாதிப்பவருக்கு அந்தப் பழக்கம்தான் சோறு.

ஆனால் அந்த உட்பகுதிக்கு நல்லது கெட்டது தெரியாது. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்புவதும், ஷிப்ட் முடிந்ததும் விரல் புகையிலைப் பொட்டலத்தைத் தேடுவதும், படுத்த பிறகு செல்போனில் இரவு ஒரு மணி ஆவதும் அதே வழியில் பழகியவைதான். நேரமோ இடமோ தூண்டிவிடும், கை செய்துவிடும், நாம் பிறகுதான் வந்து சேர்வோம்.

பழக்கம் கண்ணையும் மூடும். நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடிய வருடங்களில், தினமும் பாலத்தைக் கடந்த நாங்கள் அந்த நிறத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். வெளியூரிலிருந்து வந்த உறவினர் மூக்கைப் பிடித்தபோதுதான் எங்களுக்கும் நாற்றம் தெரிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேசியது. ஆற்றுக்கே அப்படி என்றால், தினமும் லேசாக வலிக்கும் இடுப்பையும் வறண்ட நாக்கையும் யார் கவனிப்பார்கள்?

ஆறு டீக்கு எவ்வளவு சர்க்கரை

ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் 8 முதல் 10 கிராம் ஆகும். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர், காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரைக்குள் ஐந்தாறு டீ குடிப்பது சாதாரணம். கணக்கு 40 முதல் 60 கிராம் வரை போய்விடும். நாளுக்கு 2,000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பன்னும் பப்ஸும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

டீயை விடச் சொல்லவில்லை. அடுத்த டீயைக் கையில் வாங்கும்போது, இது தாகமா, களைப்பா, பசியா, நாலு பேரோடு நிற்கும் ஆசையா என்று ஒரு நொடி பார்க்கச் சொல்கிறேன். தாகம் என்றால் தண்ணீர் போதும். ஆசை என்றால் சர்க்கரை குறைத்த டீயோடும் நாலு பேரோடு நிற்கலாம்.

பெண்களிடம் இதைப் பேசும்போது வேறொரு பழக்கம் வெளியே வரும். பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று வேலை நேரத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. சிறுநீரை அடக்கி அடக்கி, நீர்க்கடுப்பும் தொற்றும் வந்த பிறகு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்குவது. இதை அவர்களின் கவனக்குறைவு என்று நான் எழுத மாட்டேன். சுத்தமான கழிப்பறையும் எழுந்து போக நேரமும் கொடுப்பது கம்பெனியின் கடமை. தன் உடம்பைக் கவனிக்கச் சொல்வது, அந்தக் கடமையை யாரும் தட்டிக்கழிக்கக் காரணம் ஆகிவிடக் கூடாது.

தீர்ப்பு உடம்பில் இறங்கும்

பழக்கங்களிலேயே பொல்லாதது தீர்ப்புச் சொல்லும் பழக்கம். பார்த்த உடனே முடிவு கட்டிவிடுவோம். லேட்டாக வந்தால் சோம்பேறி. மார்க் குறைந்தால் மக்கு. இந்தி பேசினால் "வடக்கத்தியான், அப்படித்தான் இருப்பான்."

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் செல்போன்களில் பரவின. அவை பொய் என்று காவல்துறை அறிவித்தது. அதற்குள் திருப்பூரிலும் பயம் பரவிவிட்டது. அந்த நாட்களில் வரிசை வீடுகளில் எத்தனை பேர் தூங்காமல் கிடந்தார்கள்! வந்தவர் இருந்தவரைச் சந்தேகப்பட்டார், இருந்தவர் வந்தவரை. யாரும் யாரையும் நேரில் கேட்கவில்லை.

இப்படித் தீர்ப்புச் சொல்வது உடல்நலப் பிரச்சினையும்தான். "இவன் எனக்கு எதிரி" என்று மனம் முடிவு செய்ததுமே உடம்பு அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் அனுப்பிவிடும். நெஞ்சு படபடக்கும், தோள் இறுகும், ரத்த அழுத்தம் ஏறும். உண்மையான ஆபத்து வந்தால் தப்பிக்க இது உதவும். நாள் முழுக்க மனதுக்குள்ளேயே வழக்கு நடத்திக்கொண்டிருந்தால் தூக்கம் போகும், செரிமானம் கெடும், ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் நிற்காது.

நம்மைப் பற்றி நாமே சொல்லும் தீர்ப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. இரண்டு வாரம் காலை நடைக்குப் போனவர், ஒரு நாள் நைட் வேலையால் தவறிவிட்டால் "நம்மால எல்லாம் ஆகாதுங்க" என்று நின்றுவிடுகிறார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல மருந்து. ஒரு புதுப் பழக்கம் ஊன்றுவதற்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு இல்லை என்றும் கண்டார்கள். பெரும்பாலும் பின்னடைவு வருவது தவறிய நாளால் அல்ல, அதற்கு நாம் எழுதிக்கொள்ளும் தீர்ப்பால் என்றே நான் நினைக்கிறேன்.

செக்கிங் டேபிளில் உட்கார்ந்த அம்மா

தீர்ப்பை விடுவது என்றால் சரி எது தவறு எது என்று தெரியாமல் இருப்பதா என்று கேட்பார்கள். என் அம்மா பல வருடம் செக்கிங் டேபிளில் இருந்தவர். பீஸை விரிப்பார், ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைப்பார். சரிசெய்ய முடிந்தது தையலுக்குத் திரும்பும். பீஸைத் திட்டி யாரும் நேரத்தைப் போக்குவதில்லை. வீட்டுக்கு வந்தால் அதே அம்மா, ஒரு குழம்பில் உப்புக் கூடியதற்காகத் தன்னையே இரவு முழுக்கத் திட்டிக்கொள்வார். பனியனுக்குக் கொடுத்த அந்தப் பார்வையை அவர் தனக்குக் கொடுத்ததே இல்லை.

மருத்துவமனைகளில் இந்தப் பார்வைக்கு இன்று இடம் கிடைத்திருக்கிறது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்கு ஒரு பயிற்சி தொடங்கினார். இந்தக் கணத்தில் நடப்பதைத் தீர்ப்பில்லாமல் கவனிப்பது என்பதுதான் அதன் சாரம். இடுப்பு வலியை அது மாயமாக்கிவிடாது. வலியோடு சேர்ந்து வரும் "என் பொழப்பே போச்சு" என்ற ஓட்டம் தணியும்.

ஆழியாற்றில் ஒரு நெசவாளர்

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தானும் தறியில் உட்கார்ந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். 1984-இல் பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலைத் தொடங்கினார். அவருடைய மனவளக்கலை மன்றங்களைக் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

அவர் கற்றுக்கொடுத்த அகத்தாய்வில் முதல் பாடம் எண்ணம் ஆராய்தல். ஓர் எண்ணம் எழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தேவை, பழக்கம், சூழ்நிலை நிர்ப்பந்தம், பிறர் மனம், பிறவியோடு வரும் கருவமைப்பு, தெய்வீகம் என்று ஆறு காரணங்களை அவர் சொன்னார். கடைசி இரண்டும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தவை. முதல் நான்கும் பனியன் கம்பெனி வாழ்க்கைக்கு அளந்து தைத்தது போல இருக்கின்றன. "இன்னொரு பீஸ் பண்டல் வாங்கிக்கலாம்" என்பது தேவையா, பழக்கமா, பக்கத்து மெஷின்காரர் வாங்கிவிட்டார் என்பதாலா? கேட்டுப் பார்த்தால் பதில் வரும்.

எங்கே தொடங்குவது

ஒரே ஒரு இடத்தில் தொடங்குங்கள். பதினோரு மணி டீயின் முதல் மூன்று வாய் மட்டும் போதும். சூடு, இனிப்பு, துவர்ப்பு என்று தெரிந்து குடியுங்கள். மனம் அடுத்த லாட்டுக்கு ஓடும். ஓடியது தெரிந்ததும் திரும்பி வாருங்கள். ஓடியதற்காகக் கோபப்பட வேண்டாம்.

மெஷினில் ஊசி ஓடும்போது கண்ணை மூடி எதையும் செய்யாதீர்கள். அங்கே கவனம் விரலில் இருக்கட்டும். யாரைப் பற்றியாவது முடிவு எழுந்தால், நானே பார்த்ததா, யாரோ சொன்னதா என்று மட்டும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணரை மூளிக்குளக் கரையில் செல்போன் இல்லாமல் ஒரு சுற்று நடந்தாலும் நல்லது.

தனியாகச் சுமக்க வேண்டாம்

கவனிப்பு மருந்துக்கு மாற்று அல்ல. பிரஷர், சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. பல வருடம் தினமும் அதிகமாக மது குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். கண்ணை மூடி உட்காரும்போது பழைய பயங்கள் பொங்கி வந்தால் வற்புறுத்தி உட்கார வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல் இருந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்தாலோ, அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து கூப்பிட்டாலும் தமிழில் பேசலாம்.