உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குள் இன்னும் வாழும் கல்கத்தா

சென்னையில் ஓடும் லினக்ஸ் கணினியிடம் நேர மண்டலத்தைக் கேட்டால், 'ஆசியா/கொல்கத்தா' என்று பதில் வரும். தலைநகர் டெல்லி நேர மண்டலப் பட்டியலிலேயே இல்லை!

ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய நேர மண்டலத் தரவுத்தளத்தின் வழக்கம் அது. நாடுகளின் பெயரும் எல்லையும் மாறக்கூடியவை என்பதால், ஒரே நேரத்தைப் பின்பற்றும் பகுதியில் மக்கள்தொகை மிகுந்த நகரத்தின் பெயரையே பொதுவாக வைக்கிறார்கள். சீனாவுக்கும் பெய்ஜிங் இல்லை, ஷாங்காய்தான். 'ஐஎஸ்டி' போன்ற சுருக்கங்களும் உதவாது. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே மூன்றெழுத்து.

2001இல் கல்கத்தா கொல்கத்தாவானது. தரவுத்தளமும் பின்னர் மாறிக்கொண்டது. ஆனால் பழைய மென்பொருள்கள் முடங்கிவிடக் கூடாது என்பதற்காக 'ஆசியா/கல்கத்தா'வும் மாற்றுப்பெயராக நீடிக்கிறது. சில உலாவிகள் இன்றும் அதையே சொல்கின்றன.

இந்த ஊர்ப்பெயர் முறையின் அருமை பழைய தேதிகளில்தான் தெரியும். இலங்கை 1996இல் இருமுறை கடிகாரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரமான யுடிசி+5:30க்குத் திரும்பியது. 'ஆசியா/கொழும்பு' என்ற ஒரே பெயருக்குள் அத்தனை மாற்றமும் பதிவாகியிருக்கிறது.

விண்டோஸ் மட்டும் தனிப்பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இந்திய நேரத்துக்கான வரியில் முதலில் நிற்கும் ஊர் சென்னை. பிறகே கொல்கத்தா, மும்பை, புது டெல்லி.