இரவுச் சமையல் மனத்துக்குப் பாரமாவது ஏன்? அதைக் குறைப்பது எப்படி?

அடுப்பு மூட்டுவதற்கு வெகுநேரம் முன்பே, "ராத்திரிக்கு என்ன?" என்னும் வினா இல்லத்தரசியின் சித்தத்தைக் களைப்புறச் செய்கிறதே, அது ஏன்?

நாளை இரவு தோசையென்றால், இன்றே அரிசியும் உளுந்தும் ஊறி, அரைபட்டு, விடியும்வரை புளித்தாக வேண்டும். கொண்டைக்கடலைக் குழம்பென்றால், கடலை காலையிலேயே நீரில் கிடக்க வேண்டும். சமையல் என்பது கைவேலை மாத்திரமன்று; மனவேலையுமாகும். தேவையை முன்னுணர்தல், வழிகளைத் தேடுதல், தீர்மானித்தல், நிறைவேறியதா எனக் கண்காணித்தல் என்று, வீட்டின் இத்தகைய மானசிக உழைப்பை, 2019-இல் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆலிசன் டாமிங்கர் நான்கு அம்சங்களாக வகுத்துக் காட்டினார்.

மனமோ, ஒரே சமயத்தில் ஏறத்தாழ நான்கு விஷயங்களையே ஏந்தி நிற்க வல்லது. முடிவுறாத காரியம், அழைக்காமலே இடையிடையே நினைவில் புகுந்து, செய்துகொண்டிருக்கும் வேலையைக் கெடுக்கும். ஆயினும், அக்காரியத்தை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக வகுத்துவிட்டாலே, அது முடியுமுன்னரே அத்தொல்லை தணிகிறதென்பதை, 2011-இல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் உளவியலாளர் இருவர் தம் பரிசோதனைகளால் காட்டினர்.

ஆதலால், ஏழு இரவுகளுக்கும் உணவு இன்னதென்று ஒரு தாளில் எழுதி, ஊறப்போட வேண்டியதை அதற்குரிய நாளுக்கு நேரே குறித்து, சமையலறைக் கதவில் ஒட்டிவிடுவது உத்தமம்; நினைவு சுமந்ததைத் தாள் சுமக்கும். ஆனால், பட்டியலையும் ஒருத்தியே எழுதி, அதன்படி நடப்பதையும் அவளே கண்காணித்தால், பாரத்தில் பெரும்பகுதி அவள் தலையிலேயே தங்கிவிடும்; ஆகவே, வாரம் ஒருமுறை வீட்டார் அனைவரும் கூடியமர்ந்தே அதனை எழுதுங்கள்.