தூக்கத்தைக் கலைக்கும் சர்க்கரை

"வயசாயிடுச்சு, ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்திருக்கத்தான் வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர் பல வீடுகளில் உண்டு. வயது காரணமாக இருக்கலாம். புராஸ்டேட் வீக்கம், ராத்திரி குடித்த காபி, ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் காரணமாகலாம். ஆனால் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்காமல் வயதின் மேல் பழி போடுவது சரியல்ல.

சிறுநீரும் தாகமும்

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகங்களால் அதை முழுவதும் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. மிஞ்சியது சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் சிறுநீர் நிறையவே போகும். உடலில் நீர் வற்ற, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைமாட்டில் வைத்த சொம்பு விடிவதற்குள் காலியாகிவிடும். தண்ணீர் குடிப்பதால்தான் இப்படி என்று நினைத்துச் சிலர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உடல் இன்னும் வறண்டுபோகும்.

குழந்தை படுக்கையை நனைத்தால்

படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்று பல மாதங்கள் ஆன பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்கிறதா? கூடவே தாகமும் உடல் மெலிவும் இருக்கிறதா? திட்டாதீர்கள். முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வாந்தி, வயிற்று வலி, வேகமாக மூச்சு வாங்குதல் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பாத எரிச்சல்

பகல் வேலையில் மறந்திருந்த எரிச்சல் படுத்ததும் தலைதூக்கும். போர்வை பட்டாலே சிலருக்குப் பொறுக்காது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார்கள். சர்க்கரையால் நரம்புகள் பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இது இருக்கலாம். பி12 வைட்டமின் குறைந்தாலும் இதே எரிச்சல் வரும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு அந்தக் குறைவு வர வாய்ப்பு உண்டு என்பதால், இரண்டையுமே பார்த்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் நள்ளிரவில் சட்டை நனைய வியர்த்து, படபடத்து, கெட்ட கனவு கண்டு விழித்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். காலைத் தலைவலியும் அதன் தடயமாகலாம். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால், அறிகுறியை நம்பியே குடிக்கலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள். இப்படி ஒரு முறை நடந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

எந்தப் பரிசோதனை?

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை சோதித்து உறுதிசெய்வார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்தச் சர்க்கரையை இலவசமாகவே பார்க்கிறார்கள். வீட்டில் யாராவது இரவில் அடிக்கடி எழுந்தால், நாளைக் காலைக் காபிக்கு முன்பே அவரை அழைத்துப் போங்கள்.